மேஸ்திரி வருகிறார்

நாளைக் காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு மேஸ்திரி வருகிறார். டைல்ஸ் ஒட்டுகிற மேஸ்திரி. கீழே இருக்கும் குளியலறையைப் பார்க்க வருகிறார். நாளைக்கு வேலை எதுவும் ஆரம்பமாகாது. வருவார், பார்ப்பார், இரண்டு வார்த்தை பேசுவார், ஒரு டம்ளர் காப்பி சாப்பிட்டுவிட்டுப் போவார். அந்த ஒரு டம்ளர் காப்பி நேரத்துக்காக நான் ஒரு வாரமாகத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். கல்லூரியில் நான் படித்த இரண்டே வருஷங்களில் எந்தப் பரீட்சைக்கும் இந்தப் பாடு பட்டதில்லை. என் படிப்பு இரண்டு வருஷத்தோடு நின்றுபோனதற்கு அதுகூட ஒரு காரணமாக இருக்கலாம்.

"ஒரு மேஸ்திரி வந்து பார்த்துவிட்டுப் போவதற்கு இத்தனை ஆயத்தமா?" என்று நீங்கள் சிரிக்கலாம். ஆறு வருஷத்துக்கு முன்பு நானும் சிரித்திருப்பேன். அப்போது மாடியில் ஓர் அறை எடுத்தோம். கூடவே ஒரு குளியலறையும் கட்டினோம். டைல்ஸ் போட ஒருவர் வந்தார். அவர் பெயர் இங்கே வேண்டாம். இன்றைக்கும் கடைத்தெருவில் பார்த்தால் மரியாதையாக வணக்கம் சொல்கிறவர். "எப்படிப் போடணும் சார்?" என்று அவர் என்னைக் கேட்டார். நான் எழுதிப் பிழைக்கிறவன். வார்த்தைக்குப் பஞ்சமில்லாதவன். "நல்லபடியாப் போட்டுக் கொடுங்க" என்றேன்.

அவர் என்னை ஏமாற்றவில்லை. தமக்கு எது நல்லது என்று தோன்றியதோ அதைச் செய்தார். முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று வெள்ளை டைல்ஸ், இரண்டடிக்கு இரண்டடி. பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். முதல் நாள் குளித்தபோதுதான் சங்கதி தெரிந்தது. தண்ணீர் போகிற துளை ஒரு மூலையில் இருந்தது. தண்ணீர் அதற்கு நேர் எதிர் மூலையில் போய் நின்றது. இந்த ஆறு வருஷமாக மாடியில் யார் குளித்தாலும், குளித்து முடித்ததும் துடைப்பத்தை எடுத்துத் தண்ணீரை அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்குத் தள்ளிவிட்டுத்தான் வெளியே வரவேண்டும். இரண்டாம் வருஷத்தில் கதவோரம் இரண்டு டைல்ஸ் கிளம்பிவிட்டன. மிதித்தால் 'டொக்' என்று ஒரு சத்தம். 'நல்லபடியாக' என்ற வார்த்தைக்கு எந்த அளவு டேப்பிலும் கோடு இல்லை என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

என் தொழிலிலேயே இந்தக் கோளாறு இருக்கிறது. நான் என் நாவல்களில் எத்தனையோ வீடுகள் கட்டியிருக்கிறேன். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், மச்சு எல்லாம் வைத்துக் கட்டியிருக்கிறேன். எத்தனையோ பெண்கள் குளித்துவிட்டு, ஈரத்தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து நிலைப்படியில் நின்றிருக்கிறார்கள். அவர்கள் எங்கே குளித்தார்கள், தரை வழுக்கிற்றா, அந்தத் தண்ணீர் எந்த வழியாகப் போயிற்று என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. வாசகர்களும் கேட்டதில்லை. வாசகர்கள் பெருந்தன்மை உடையவர்கள். தண்ணீருக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது.

ஆகவே, கீழே உள்ள குளியலறையைப் புதுப்பிக்கலாம் என்று பேச்சு எழுந்ததுமே என் மனைவி கேட்டாள்: "என்னங்க, மேஸ்திரிகிட்ட என்ன சொல்லப் போறீங்க? மறுபடியும் நல்லபடியாவா?"

அந்த 'நல்லபடியாவா'வுக்குள் ஆறு வருஷத்துத் துடைப்பம் இருந்தது. நான் பேசாமல் என் மகனுடைய பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். பின்பக்கத்தில் பாதிக்கு மேல் வெள்ளைத் தாள் இருந்தது. அதையும் ஒரு பென்சிலையும் எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனேன்.

அடுத்த தெருவில் ஓவர்சியர் இருக்கிறார். பொதுப்பணித்துறையில் மதகும் வாய்க்காலும் பார்த்தே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். கடைசியில் பெரிய பதவியில் இருந்துதான் ஓய்வு பெற்றார். ஆனால் ஊர் அவரை ஓவர்சியராகவே வைத்துக்கொண்டுவிட்டது. காவிரித் தண்ணீரை மேய்த்தவருக்கு ஒரு குளியலறைத் தண்ணீர் எம்மாத்திரம்? ஆனால் அவர் அதை அப்படி அற்பமாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"தண்ணிக்கு ரெண்டே ரெண்டு விஷயந்தான் தம்பி தெரியும். பள்ளம் எங்கே, விரிசல் எங்கே. அது கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நாம கண்டுபிடிச்சுடணும்."

முதலில் பள்ளத்தைப் பற்றிச் சொன்னார். கொத்தனார் பாஷையில் அதற்கு வாட்டம் என்று பெயர். தமிழில் இது ஒரு விசித்திரமான வார்த்தை. மனிதர் முகத்தில் வாட்டம் இருந்தால் கவலை. குளியலறைத் தரையில் வாட்டம் இல்லாவிட்டால் கவலை. நூற்றுக்கு ஒன்றாவது வாட்டம் வேண்டும், எண்பதுக்கு ஒன்று இருந்தால் நிம்மதி என்றார் ஓவர்சியர். எங்கள் குளியலறை ஏழடி நீளம், ஐந்தடி அகலம். ஏழடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாகத் தரை இறங்க வேண்டும். அதற்காக அள்ளிக் கொடுத்துவிடவும் கூடாது. சரிவு அதிகமானால் நிற்கிறவருக்குக் கால் நிதானப்படாது. இரண்டடிச் சதுர டைல்ஸை ஒரே துளையை நோக்கி நாலு பக்கமிருந்தும் சாய்ப்பது கஷ்டம். ஓரடிச் சதுரமோ அதைவிடச் சிறியதோ என்றால் தரையின் போக்குக்கு வளைந்து கொடுக்கும். நடுவே ஓடுகிற இணைப்புக் கோடுகளும் அதிகமாக இருக்கும். ஈரக் காலுக்கு அது ஒரு பிடிமானம். மாடியில் எனக்கு நேர்ந்தது என்ன என்பது அவர் சொன்ன பிறகு விளங்கிற்று.

கிளம்பிப் போன டைல்ஸுக்கும் அவரே காரணம் சொன்னார். சுவருக்கு ஒட்டுகிற சாதாரணச் சீனாக்களிமண் ஜாதி டைல்ஸ் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். அவற்றை முன்கூட்டியே தண்ணீரில் ஊறப்போட்டுச் சிமெண்டில் பதிப்பார்கள். 'விட்ரிஃபைடு' என்று சொல்லப்படுகிற ஜாதி அப்படியல்ல. சுட்டுச் சுட்டுக் கண்ணாடி மாதிரி இறுகியது. தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது. உறிஞ்சாத பொருளை வெறும் சிமெண்டுப் பால் எப்படிப் பிடித்துக்கொள்ளும்? அதற்கென்று பசை இருக்கிறது. அந்தப் பசையையும் பல் வைத்த கரணையால் முழுக்க வாரிப் பூசவேண்டும். நடுவில் ஓர் உருண்டையை வைத்து அழுத்திவிட்டால், நாலு மூலையும் அந்தரத்தில் நிற்கும். ஒரு ரூபாய்க் காசால் தட்டிப் பார்த்தால் போதும். அடியில் பொள்ளல் இருந்தால் சத்தமே காட்டிக் கொடுத்துவிடும்.

பிறகு விரிசல். டைல்ஸ் தண்ணீரைத் தடுக்கும் என்று நினைப்பது அறியாமை என்றார். இணைப்புக் கோடுகள் வழியாகத் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். தடுக்கவேண்டிய பூச்சு டைல்ஸுக்கு அடியில் இருக்கிறது. அதைத் தரையில் மட்டும் பூசினால் போதாது. சுவரிலும் ஓரடி உயரத்துக்காவது ஏற்றிப் பூசவேண்டும். பூசிக் காய்ந்த பிறகு, ஒரு டைல்ஸ்கூட வைப்பதற்கு முன்னால், துளையை அடைத்துவிட்டுத் தரையில் தண்ணீரைக் கட்டி நிறுத்திச் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட வேண்டும். இருபத்துநாலு மணி நேரம் பொறுத்து, கோடும் தண்ணீரும் எங்கே நிற்கின்றன, வெளிப்பக்கம் எங்காவது கசிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். "இந்த ஒரு நாளை எந்த மேஸ்திரி 'வேண்டாம் சார், நான் பாத்துக்கறேன்'ங்கிறானோ, அவனுக்குக் காப்பியோட சரி" என்றார்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது பதினோராம் வகுப்புப் படிக்கிற என் மகன், "மொஹஞ்சதாரோவிலேயே இதெல்லாம் செஞ்சிருக்காங்கப்பா" என்றான். எனக்கு ரோசமாக இருந்தது. எடுத்துப் பார்த்தேன். பையன் சொன்னது உண்மை. சிந்து நதிக்கரையிலுள்ள அந்த ஊரின் பெரிய குளம் சுமார் பன்னிரண்டு மீட்டர் நீளம், ஏழு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஆழம். செங்கல்லை ஜிப்சம் சாந்தில் நெருக்கிப் பதித்து, கசியாமல் இருக்க நிலக்கீல் பூசி, தரையை ஒரு மூலையை நோக்கிச் சாய்த்து, அந்த மூலையில் துளை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நாலாயிரம் வருஷத்துக்கு மேலாகிறது. தண்ணீர் எந்த மூலைக்குப் போகவேண்டும் என்று அந்தக் கொத்தனாரிடம் யாரோ ஒருவர் கேட்டிருக்கிறார். நான்தான் கேட்கவில்லை.

நோட்டில் ஒன்று, இரண்டு என்று போட்டு எழுதிக்கொண்டே போனேன். பழைய சிமெண்டுத் தரையை உடைத்து எடுப்பதா, அதன் மேலேயே ஒட்டுவதா? மேலேயே ஒட்டினால் தரை உயர்ந்துவிடும். தண்ணீர் கூடத்துக்கு வர வழி தேடும். துளைக்கு அடியில் இருக்கிற நஹானி டிராப்பை மாற்றுவதா? (நஹானி என்பது மராத்தியில் குளிக்கிற இடத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அதில் இரண்டங்குலத் தண்ணீர் எப்போதும் தங்கி நின்று சாக்கடை நாற்றத்தை மேலே வரவிடாமல் காவல் காக்கிறது.) சதுர அடிக் கூலியில் எது சேர்த்தி, எது சேர்த்தியில்லை? உடைப்பதும், இடிபாட்டை வாரிப் போவதும், கோடு அடைப்பதும் உள்ளேயா, வெளியேயா? ஒட்டப்போவது அவரே தானா, வேறு ஆட்களா? அவர் போன மாசம் முடித்த வேலையை வேண்டாம், மூன்று வருஷத்துக்கு முன்பு முடித்த வேலை ஒன்றைக் காட்ட முடியுமா? எத்தனை நாள் ஆகும்? அத்தனை நாள் நாங்கள் எங்கே குளிப்பது?

கணக்கும் போட்டேன். தரை முப்பத்தைந்து சதுர அடி. சுற்றளவு இருபத்துநாலு அடி. ஏழடி உயரத்துக்கு நூற்று அறுபத்தெட்டு. கதவுக்குப் பதினேழரை கழித்தால் நூற்று ஐம்பதரை. உடைசலுக்கும் வெட்டுக்கும் நூற்றுக்குப் பத்துச் சேர்க்கவேண்டும் என்பது வழக்கம். அப்படிச் சேர்த்தால் தரைக்கு முப்பத்தொன்பது, சுவருக்கு நூற்று அறுபத்தாறு. மிச்சப்படுகிறதைத் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது. பின்னால் ஒன்று உடைந்தால் அதே பெயர், அதே நம்பர் கிடைத்தாலும், வேறு தடவை சுட்டதாக இருந்தால் நிறம் சற்றே மாறியிருக்கும். குஜராத்தில் மோர்பி என்ற ஊரில்தான் இந்த நாட்டு டைல்ஸில் பெரும் பகுதி சுடப்படுகிறது. அங்கே ஒரு சூளையில் ஒரு நாள் விழுந்த நிறத்தை மாயவரத்தில் இருந்துகொண்டு மறுபடி வரவழைக்க முடியாதல்லவா?

எழுதி முடித்து, பெருமையோடு நோட்டை ஓவர்சியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தார்.

"எல்லாம் சரிதான். யாரு குளிக்கிற ரூமுன்னு எழுதலையே?"

"நாங்கதான் சார்."

"நீங்க மாடியில குளிக்கிறீங்க. கீழே அம்மாதானே புழங்குறாங்க? அவங்களைக் கேட்டியா?"

நான் எல்லோரையும் கேட்டிருந்தேன். மகனைக் கேட்டபோது, சுவர் முழுக்கக் கறுப்பு டைல்ஸும், மழை மாதிரி தலைக்கு மேலிருந்து கொட்டுகிற ஷவரும் வேண்டும் என்றான். மனைவியைக் கேட்டபோது, போர் தண்ணீரின் உப்புக்கறை தெரியாத நிறமும், சீயக்காய்க் கிண்ணமும் சோப்பும் வைக்கச் சுவரிலேயே ஒரு மாடமும் கேட்டாள். அம்மாவையும் கேட்டேன். "எனக்கென்ன தம்பி, இருக்கிறதே போதும். உங்களுக்கு எப்படி வேணுமோ அப்படிச் செய்ங்க" என்றாள். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, அவள் பெயருக்கு நேரே ஒரு சின்னக் கோடு போட்டிருந்தேன். ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

வியாழக்கிழமை மத்தியானம், அம்மா சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த வேளையில், அளவுகளை இன்னொரு முறை சரிபார்க்க டேப்பை எடுத்துக்கொண்டு கீழே உள்ள குளியலறைக்குப் போனேன். இந்த வீட்டை என் அப்பா 1979-இல் கட்டினார். எனக்கும் வீட்டுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. குளியலறைக்குச் சிமெண்டுத் தரை. நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கால்பட்டுக் கால்பட்டு வழவழப்பாகப் போயிருக்கிறது. சுவருக்குப் போன பொங்கலுக்குத்தான் வெள்ளை அடித்தோம்.

வெயில் சாய்ந்து மேலே உள்ள ஜன்னல் வழியாகச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில்தான் பார்த்தேன். வலது கைப் பக்கச் சுவரில், கதவை ஒட்டி, ஒரு கறை. எண்ணெய்க் கறை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. குழாய்க்குப் பக்கத்தில் மூன்றாவது. அதுதான் எல்லாவற்றிலும் கறுப்பு. கிட்டே போய்ப் பார்த்தேன். உள்ளங்கையும் ஐந்து விரலும் தெரிந்தன. ஒரே கை, ஆனால் ஒரு தடவை வைத்த கை அல்ல. ஒன்றின் மேல் ஒன்றாக, பொங்கலுக்குப் பிறகு வந்த ஒவ்வொரு நாளும், எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், அங்கே பதிந்திருக்கிறது. அம்மா அந்தச் சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போகிறாள். தடவிக்கொண்டே வெளியே வருகிறாள்.

இன்னொரு விஷயமும் அப்போது உறைத்தது. அந்தக் குழாய் இந்த வருஷத்தில் மட்டும் மூன்று தடவை ஆடிப்போய்விட்டது. மூன்று தடவையும் பிளம்பரை அழைத்து வந்தேன். குழாய் மட்டம் என்று சொல்லிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். குழாய் மட்டமில்லை. முக்காலியில் உட்கார்ந்து குளிக்கிற எழுபத்தாறு வயசு மனுஷி, எழுந்திருக்கும்போது அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். கதை எழுதுகிறேன், மனுஷ சுபாவத்தைக் கூர்ந்து பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான். என் வீட்டுச் சுவரில் எட்டு மாசமாக எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

மாயவரத்தில் ஐப்பசி மாதம் முழுவதும் துலாக்கட்டத்துக் காவிரியில் நீராடுவது விசேஷம். கடைசி நாள் கடைமுகம். அம்மா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒரு கடைமுகமும் தவறவிட்டதில்லை. பாசி பிடித்த படித்துறையில் கால் வழுக்காமல் இறங்கி, முழுக்குப் போட்டு, ஈரப்புடவையோடு ஏறி வருவாள். போன ஐப்பசியில், "முழங்கால் வலிக்குது, நான் வீட்டிலேயே குளிச்சுக்கறேன்" என்றாள். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"குளிக்கிற ரூம்ல விழுந்தியாம்மா?"

அவள் கை நிற்கவில்லை. இரண்டு ஈர்க்கை உருவிப் போட்ட பிறகு, "எந்தத் தடவையைக் கேக்கறே?" என்றாள்.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

"போன ஐப்பசியில ஒரு தடவை. அப்புறம் பங்குனியில. சின்னதுதான். உட்கார்ந்த மாதிரிதான் விழுந்தேன்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா என்ன செய்வே? தனியாப் போகாதேம்பே. கதவைத் தாழ் போடாதேம்பே. உன் பெண்டாட்டி நல்லவ, கூட வந்து நிப்பா. அப்புறம் ஒரு ஆளைப் போடுவே. இன்னொருத்தர் தண்ணி மொண்டு ஊத்தற நாள் வரும்போது வரட்டும் தம்பி. அதுக்கு நானே தேதி குறிச்சுக் கொடுக்கணுமா?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கீரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். "இருக்கிறதே போதும்" என்று அவள் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அந்தச் சுவரில் எங்கெங்கே கை வைத்தால் விழாமல் போய் வரலாம் என்று அவள் பாடம் பண்ணி வைத்திருக்கிறாள். மேஸ்திரி வந்து சுவரையெல்லாம் பளபளப்பாக்கிவிட்டால் அந்த வழித்தடம் போய்விடும். கை வழுக்கும். கால் வழுக்கும். அதைச் சொன்னால் விழுந்ததைச் சொல்லவேண்டும். ஆகவே, வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டாள்.

இந்த ஊரில் கடைமுகத்துக்கு மறுநாள், கார்த்திகை முதல் தேதி, முடவன் முழுக்கு என்று ஒன்று உண்டு. துலா ஸ்நானத்துக்குப் புறப்பட்ட ஒரு முடவன் நடக்க மாட்டாமல் ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்தானாம். அவனுக்காகச் சுவாமி அந்தப் பலனை இன்னொரு நாளுக்கு நீட்டிக் கொடுத்தார் என்பது ஐதிகம். கால் வராதவனுக்காக நாளையே தள்ளி வைத்த ஊர் இது. அங்கே நான் குடியிருந்துகொண்டு, ஏழடிக்கு ஐந்தடியில் அம்மாவுக்கு ஒரு பிடிமானம் வைக்கத் தோன்றாமல் இருந்திருக்கிறேன்.

அன்று ராத்திரி நோட்டில் ஒரு புதுப் பக்கம் எடுத்தேன். பழைய கேள்விகள் எதுவும் வீணில்லை. ஆனால் அவற்றின் வரிசை மாறிவிட்டது. ஓவர்சியரிடம் திரும்பவும் போனேன். அவர் எதையும் துருவிக் கேட்கவில்லை. வேண்டியதைச் சொன்னார்.

துண்டு போடுகிற கம்பி வேறு, ஆளைத் தாங்குகிற கைப்பிடி வேறு. கைப்பிடியை டைல்ஸில் மாட்டினால் பயனில்லை. அதன் திருகு டைல்ஸைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போய்ப் பிடிக்க வேண்டும். அது எங்கே வரப்போகிறது என்று டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே குறித்துவிட்டால், அந்த இடத்தில் தண்ணீர்க் குழாயைப் புதைக்காமல் ஒதுக்கிக் கொண்டுபோகலாம். அடியில் பொள்ளல் விழாமலும் பார்த்துக்கொள்ளலாம். தரைக்குச் சொரசொரப்பான டைல்ஸ். கடையில் காய்ந்த டைல்ஸைக் கையால் தடவிப் பார்த்து வாங்கக் கூடாது. தண்ணீரும் இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, காலை வைத்துப் பார்த்து வாங்க வேண்டும்.

எங்கள் குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. யாராவது உள்ளே கதவோரம் விழுந்துவிட்டால் வெளியே இருப்பவர்கள் அதைத் தள்ள முடியாது. தள்ளினால் விழுந்தவர்மேல்தான் படும். கீலை மாற்றி, வெளிப்பக்கமாகத் திறக்கும்படி செய்ய வேண்டும். தாழ்ப்பாள் இருக்கட்டும். அவசரமானால் வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருப்பித் திறக்கிற மாதிரி தாழ் கிடைக்கிறது. அம்மா உள்ளே தாழ் போட்டுக்கொண்டே குளிக்கலாம். இதை அவளிடம் சொன்னபோது, "எந்தக் காசா இருந்தாலும் திறக்குமா?" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கேட்டாள். பிறகு, "சரி" என்றாள்.

தரையும் சுவரும் ஒரே வெள்ளையாக இருக்கக் கூடாது என்பது மகன் சொன்னது. அப்பாயிக்குக் கண் அறுவை ஆனதிலிருந்து மாடிப் படிக்கட்டில் விளிம்பு தெரியாமல் நின்று நின்று போகிறாள் என்பதை அவன் கவனித்திருக்கிறான். நான் அதையும் கவனிக்கவில்லை. கறுப்பு டைல்ஸ் வாங்கத்தான் போகிறோம். வாசலை ஒட்டி, தரை இறங்குகிற இடத்தில், ஒரே ஒரு வரி. மற்றபடி அவன் ஷவரைப் பற்றிப் பேச்சை எடுக்கவில்லை.

மிச்சமிருந்தது கைப்பிடியின் உயரம். புத்தகத்தில் போட்டிருப்பது யாரோ ஒருவருடைய உயரம். சுவரில் இருக்கிறது அம்மாவுடைய உயரம். டேப்பை வைத்துப் பார்த்தேன். மூன்று கறைகளும் தரையிலிருந்து இரண்டடி பத்தங்குலம், ஒன்றுபோல. ரசமட்டம் வைத்துக் கோடு இழுத்தால்கூட அத்தனை சுத்தமாக வராது. நோட்டில் 2 அடி 10 அங்குலம் என்று எழுதினேன். இருந்தாலும் அவளைக் கேட்காமல் எழுதுவது இனிமேல் சரியல்ல என்று தோன்றிற்று. இன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு உள்ளே நிற்கச் சொன்னேன். மகன் பென்சிலோடு நின்றான். என் மனைவி கதவருகில் நின்றாள். எங்கள் வீட்டார் நாலு பேரும் ஒரே சமயத்தில் அந்த அறைக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

"கையை வை அப்பாயி, கோடு போட்டுக்கறேன்" என்றான் பையன்.

அம்மா அந்தக் கறுத்த இடத்தில் கையை வைத்தாள். வைத்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, இரண்டு விரற்கடை கீழே இறக்கினாள்.

"இங்கே போடு."

"இது உனக்கு ரொம்பக் கீழே இல்லையாம்மா?" என்றேன்.

"இன்னிக்குக் கீழேதான். நான் என்ன வரவர நிமிர்ந்துகிட்டா போகப்போறேன்? இன்னும் நாலு வருஷம் போனா இந்த உயரந்தான் சரியா இருக்கும்."

பையன் அங்கேயே கோடு போட்டான். நான் நோட்டில் பத்தை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினேன்.

நோட்டு இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. முதல் பக்கத்தில் முதல் வரியாகக் கைப்பிடி. அதற்குக் கீழே கதவு. அதற்குக் கீழே தரை, வாட்டம், பூச்சு, ஒரு நாள் தண்ணீர் நிறுத்துவது. கூலியும் கணக்கும் மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டன. "எப்படிப் போடணும் சார்?" என்று மேஸ்திரி கேட்டால், அவரைச் சுவருக்குப் பக்கத்தில் அழைத்துப்போய் அந்தப் பென்சில் கோட்டைக் காட்டுவதாக இருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு அவர் என்ன கேட்கிறார் என்பதிலிருந்து அவரைப் பற்றி எனக்கு வேண்டியது தெரிந்துவிடும்.

சற்று முன்பு, விளக்கை அணைக்கப் போகும்போது, அம்மா படுக்கையில் இருந்தபடியே கேட்டாள்.

"மேஸ்திரி எத்தனை மணிக்கு வர்றாரு?"

"பத்து மணிக்கு."

"அப்ப ஒன்பதுக்குள்ள நான் குளிச்சிட்டு வந்துடறேன். அவர் வர்றப்ப தரை காஞ்சிருக்கணும்ல?"

சரி என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு அந்த நேரத்தில் நான் கூடத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளே தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்கும், பிறகு நிற்கும், பிறகு தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்கவேண்டும். அதுவரையில் பேப்பரில் என்ன செய்தி வந்திருந்தாலும் எனக்குத் தெரியாது.